வாடகை வீட்டுத் திருத்த வேலையில் பொருட்செலவைப் பேசி முடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தின் கொக்குவில், திருநெல்வேலி, கோண்டாவில் பகுதிகளில் உறவினர்களுக்குச் சொந்தமான சில வாடகை வீடுகளை நான் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். சொந்தக்காரர்களில் பெரும்பாலானோர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். குடியிருப்பவர்களில் பல்கலைக்கழக மாணவர்களும் உண்டு, அரச அலுவலகங்களுக்கு இடமாற்றம் பெற்று வந்த குடும்பங்களும் உண்டு. ஓடு மாற்றுவது, சுவர் பூசுவது, குழாய் திருத்துவது என ஆண்டுதோறும் ஏதாவது ஒரு வேலை வந்துகொண்டே இருக்கும். அப்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், என் அனுபவத்தில் சரியென்று கண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கூலியைப் பேசி முடித்தால் போதாதா? பொருட்செலவைத் தனியாகப் பேச வேண்டுமா?

கூலி கண்ணுக்குத் தெரிவது. எத்தனை பேர் எத்தனை நாள் வந்தார்கள் என்பதைக் குடியிருப்பவரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லிவிடுவார்கள். சுவருக்குள் போன சீமெந்தை எவராலும் திரும்ப எண்ணிப் பார்க்க முடியாது. அதனால்தான் வேலை முடிந்த பின் வரும் மனக்கசப்புகளில் பெரும்பகுதி பொருளைப் பற்றியதாகவே இருக்கிறது.

கொக்குவிலில் ஒரு பழைய வீட்டின் பின்விறாந்தையும் குசினியும் பூசவேண்டியிருந்தது. கூலியைச் சதுர அடிக்குப் பேசினோம். பொருளைப் பற்றிக் கேட்டபோது, “சாமான் செலவைப் பாத்துச் செய்வம் அண்ணை” என்றார் மேசன். நானும் தலையாட்டினேன். முடிவில் 18 பை சீமெந்துக்குக் கணக்கு வந்தது. பிறகு நான் சுவரை அளந்தபோது ஏறக்குறைய 900 சதுர அடிதான் இருந்தது. மேடுபள்ளமான சுண்ணாம்புக்கல் சுவர் என்பதால் வழமையைவிடக் கூடப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 14 பைக்கு மேல் போயிருக்கக்கூடாது என்பது என் கணக்கு. சுவர் தின்றுவிட்டது என்பது அவருடைய கணக்கு. என்னிடம் பட்டியலும் இல்லை, வெறும் பைகளும் இல்லை, அவரிடமும் இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஆனால் நான் சந்தேகப்பட்டதை அவர் மறக்கவில்லை, அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. நான்கு பை சீமெந்தின் விலையைவிட, கைசுத்தமாகப் பூசக்கூடிய ஒரு மேசனை இழந்ததுதான் எனக்குப் பெரிய நட்டம். முதல் நாளே பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதியிருந்தால் அவர் இன்றும் எங்கள் வேலைகளைச் செய்துகொண்டிருப்பார்.

எந்தெந்த முறைகளில் பேசலாம்? எது நல்லது?

எங்கள் ஊரில் மூன்று முறைகள் வழக்கத்தில் உள்ளன.

முதலாவது, பொருளும் கூலியும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகைக்குக் கொந்தராத்து விடுவது. வேலையின் அளவு வெளிப்படையாகத் தெரியும் சிறிய திருத்தங்களுக்கு, உதாரணமாக ஓர் அறைக்குப் பெயின்ற் அடிப்பதற்கோ ஒரு கதவை மாற்றுவதற்கோ, இதுவே வசதியானது. இதில் விலையேற்றத்தின் ஆபத்து வேலையெடுப்பவர் மீது விழுகிறது. ஆகவே அவர் தம்மைக் காத்துக்கொள்ளத் தொகையைச் சற்று உயர்த்தியே சொல்வார், அதில் குற்றம் இல்லை. ஆனால் இடையில் விலை ஏறினால், ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு சீமெந்தாக இருக்க வேண்டிய கலவை எட்டுக்கு ஒன்றாக மாறுவதற்கான தூண்டுதலும் இந்த முறையில்தான் அதிகம். பூச்சு உலர்ந்த பின் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு மாரி கடந்த பின்னரே உதிரத் தொடங்கும்.

இரண்டாவது, கூலியை மட்டும் பேசிவிட்டுப் பொருளை வீட்டுக்காரரே வாங்கிக் கொடுப்பது. கடைக்குப் போய்வர ஒருவர் இருந்தால் நடுத்தர அளவு வேலைகளுக்கு நான் இதையே விரும்புகிறேன். இதிலுள்ள குறை, வீண்விரயம் வேலை செய்பவரின் சட்டைப்பையைத் தொடாது என்பது. மேலும், நாட்கூலிக்கு ஆட்களை வைத்துவிட்டு, காலை 10 மணிக்குச் சீமெந்து முடிந்துபோய், அடுத்த பை வரும்வரை மூன்று பேர் வேப்பமர நிழலில் காத்திருந்தால் அந்தச் செலவும் வீட்டுக்காரருடையதே. ஆகவே பொருள் பட்டியல் வேலை தொடங்குமுன் முழுமையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, வேலையெடுப்பவரே பொருளை வாங்கிப் பற்றுச்சீட்டைத் தர, அந்தத் தொகையோடு அவருடைய அலைச்சலுக்காக நூற்றுக்கு இவ்வளவு என்று சேர்த்துக் கொடுப்பது. நியாயமானதாகத் தோன்றும் இந்த முறையில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது: வாங்கும் பொருளின் விலை கூடக்கூட அவருடைய பங்கும் கூடுகிறது. எனவே வீதமாகப் பேசாமல், வாங்கி ஏற்றி இறக்கும் பொறுப்புக்கு இவ்வளவு ரூபா என்று நிலையான ஒரு தொகையைப் பேசிவிடுவது இருவருக்கும் நல்லது.

மேசன் சொல்லும் அளவு சரியா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் கட்டட வேலை அறிந்தவன் அல்லவே.

மேசனுக்குத் தெரிந்த அளவு நுணுக்கம் தேவையில்லை. அளவு நாடாவும் சில இலக்கங்களும் இருந்தால் போதும்.

உட்சுவர்ப் பூச்சுக்கு, அரை அங்குலத் தடிப்பில், ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் என்ற கலவையில், 100 சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு 50 கிலோ பை சீமெந்தும் 5 முதல் 6 கன அடி மணலும் பிடிக்கும். பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை ஒன்றின் சுவர்கள் 10 அடி உயரமானவை என்றால் நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, யன்னலைக் கழித்தால் 400. ஆகவே 4 பை. சீமெந்துக் கல்லால் கட்டிய நேரான சுவருக்கு இந்தக் கணக்குச் சரிவரும். எங்கள் பழைய வீடுகளின் சுண்ணாம்புக்கல் சுவர்கள் நேராக இருப்பதில்லை. சில இடங்களில் பூச்சு ஓர் அங்குலத்தையும் தாண்டும். அத்தகைய சுவருக்கு ஒன்றரை மடங்கு வரை ஒப்புக்கொள்வது நியாயம். பழைய பூச்சைக் கொத்தி எடுத்த பின் சுவரைப் பார்த்துவிட்டு அளவை உறுதிசெய்வது இன்னும் சிறந்தது.

பெயின்றைப் பொறுத்தவரை, ஏற்கெனவே பூசப்பட்ட வழுவழுப்பான சுவரில் ஒரு லீற்றர் ஒருமுறை அடிப்பதற்கு ஏறக்குறைய 100 சதுர அடிக்குக் காணும். அதே அறைக்கு இருமுறை அடிக்க 8 லீற்றர், அதாவது 4 லீற்றர் வாளிகள் இரண்டு. புதிய பூச்சு கூடுதலாக உறிஞ்சும் என்பதால் அதற்குரிய அடிப்பூச்சைத் தனியாகக் கணக்கிட வேண்டும். கூரை ஓட்டுக்கு 100 சதுர அடிக்கு 140 ஓடுகள் என்று வைத்துக்கொள்ளலாம். ரைல்ஸ் பதிப்பதற்குத் தரைப் பரப்போடு பத்தில் ஒரு பங்கைச் சேதாரமாகச் சேர்க்க வேண்டும். இரண்டடிச் சதுர ரைல்ஸ் நான்கு கொண்ட பெட்டி ஏறக்குறைய பதினைந்தரைச் சதுர அடியை மூடும்.

இந்த இலக்கங்களை வைத்துக்கொண்டு வேலை செய்பவரோடு வாதாடப் போக வேண்டாம். அவருடைய அளவைக் கேட்டு, உங்களுடைய அளவோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். நல்ல தொழிலாளி உங்களைச் சுவரடிக்கு அழைத்துப்போய் காரணத்தைக் காட்டுவார். என் கணக்குத்தான் பிழை என்று அப்படி இரண்டு மூன்று தடவை நான் அறிந்துகொண்டதும் உண்டு.

மணலும் சல்லியும் லோட் கணக்கில் வருகின்றன. ஒரு லோட் என்றால் எவ்வளவு?

இதுதான் எல்லாரும் ஏமாறும் இடம், ஏனென்றால் லோட் என்பது ஓர் அளவே கிடையாது. லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியும், உழவு இயந்திரப் பெட்டியும், டிப்பரும் வெவ்வேறு கொள்ளளவு உடையவை. பேச வேண்டியது கியூப் கணக்கில். ஒரு கியூப் என்பது 100 கன அடி. பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அளந்து பெருக்கினால் விடை கிடைத்துவிடும். பத்தடி நீளம், ஆறடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள பெட்டியில் 90 கன அடிதான் இருக்கும். அதை ஒரு கியூப் என்று விற்றால் 10 கன அடி குறைகிறது. இறக்குவதற்கு முன் அளக்க வேண்டும். கொட்டிய குவியலை அளப்பது கடினம்.

ஈரமணல் உப்பி நிற்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நுண்மணலில் சிறிதளவு ஈரம் இருந்தாலே அதன் கனவளவு நூற்றுக்கு இருபது, முப்பது வரை கூடித் தெரியும். மழைக்காலத்தில் ஒரு கியூப் மணல் வாங்கியும் போதவில்லை என்று மேசன் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவுசெய்துவிட வேண்டாம்.

குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். கருங்கல் சல்லி பெருநிலப்பரப்பிலிருந்தே வர வேண்டும், ஆகவே அதன் விலையில் பெரும்பங்கு போக்குவரத்துச் செலவு. மணலை அகழ்வதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் தேவை. அனுமதியின்றி இரவில் மலிவாகக் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாகனம் வழியில் பிடிபட்டால் உங்கள் முற்பணமும் வேலை நாட்களும் அதோடு போய்விடும். கடற்கரையோர மணலில் உப்பு இருக்கும் என்பதால் பூச்சில் வெள்ளை பூத்து, கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியையும் துருப்பிடிக்கச் செய்யும். எங்கிருந்து வந்த மணல் என்பதைப் பட்டியலிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பொருளின் விலை வேலை நடக்கும்போதே மாறினால் யார் பொறுப்பு?

யார் பொறுப்பு என்று முன்னரே எழுதியிருக்கிறீர்களோ அவர் பொறுப்பு. எழுதாவிட்டால் இருவருக்கும் சண்டை. 2022 ஆம் ஆண்டை எங்களில் எவரும் மறந்திருக்க முடியாது. 2021 இல் ஆயிரத்துச் சொச்சம் ரூபாவுக்கு வாங்கிய 50 கிலோ சீமெந்துப் பை, ரூபாவின் பெறுமதி சரிந்த பின் மூவாயிரத்தை அண்மித்தது. தை மாதத்தில் மொத்தமாகப் பேசிய கொந்தராத்தைச் சித்திரையில் முடிக்க முடியாமல் பாதியில் விட்டுப்போனவர்களையும், சொன்ன சொல்லுக்காகக் கைப்பணத்தைப் போட்டு முடித்துக் கடனாளியானவர்களையும் நான் அறிவேன். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றுபோன பின், எங்கள் காலடியிலுள்ள கல்லிலிருந்து செய்யக்கூடிய பொருளுக்கும் நாங்கள் வெளியூர் விலையோடு ஏற்றுகூலியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நான் கடைப்பிடிக்கும் வழி இது. வேலை பேசும் நாளில் முக்கிய பொருட்கள் ஒவ்வொன்றின் அன்றைய விலையையும் பட்டியலில் குறித்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து வரையான ஏற்றத்தை வேலையெடுப்பவர் தாங்குவார். அதற்கு மேற்பட்ட ஏற்றத்தைக் கடைப் பற்றுச்சீட்டைக் காட்டி என்னிடம் பெறுவார். விலை இறங்கினாலும் அதே விதி எனக்குச் சாதகமாகச் செல்லும். இந்தப் பத்து என்ற எண் எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. நீங்கள் வேறு எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

கடையில் விலை கேட்கும்போது மூன்றைத் தெளிவுபடுத்துங்கள்: அந்த விலை எத்தனை நாளைக்குச் செல்லுபடியாகும், வீடு வரை கொண்டுவந்து இறக்கும் கூலி அதில் அடங்குமா, பெறுமதி சேர் வரி சேர்த்த விலையா. அந்த வரி 2024 ஜனவரி முதல் நூற்றுக்கு 18 ஆக இருப்பதால், சேர்க்காத விலையை நம்பிப் பணத்தை ஒதுக்கினால் முடிவில் கணிசமான தொகை துண்டுவிழும். குறைந்தது இரண்டு கடைகளில், எழுத்தில் விலை வாங்குங்கள்.

பொருளின் தரத்தை எப்படிக் குறிப்பிடுவது?

“நல்ல சாமான்” என்று எழுதுவதில் பயன் இல்லை. எந்த நிறுவனத்தின் எந்த வகை, என்ன தடிப்பு, என்ன அளவு என்று எழுத வேண்டும். குழாய், வயர், சீமெந்து ஆகியவற்றில் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தரச் சின்னம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பையில் அச்சிட்டிருக்கும் உற்பத்தித் திகதியையும் பாருங்கள். மாரி காலத்தில் பல மாதம் களஞ்சியத்தில் கிடந்து கட்டிபட்ட சீமெந்து மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஓடு மாற்றும்போது பழைய ஓடு எந்தத் தொழிற்சாலையினது என்று அதன் அடியில் உள்ள முத்திரையைப் பார்த்து, அதே அச்சில் வந்ததைத் தேடி வாங்க வேண்டும். வேறு அச்சு ஓடு பொருந்தி உட்காராது, இடுக்கால் மழை இறங்கும்.

கடையில் வேலையெடுப்பவருக்குக் கழிவுப் பணம் கொடுக்கிறார்களாம். அதைத் தடுக்க வேண்டுமா?

வாடிக்கையாளரைக் கூட்டிவருபவருக்கு ஏதாவது கொடுப்பது சில கடைகளில் வழக்கம்தான். அதைத் துப்பறிந்து கண்டுபிடிக்க முயல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. நேரடியாகக் கேட்டுவிடுவேன். “தம்பி, கடையில உமக்கு ஏதும் குடுக்கிறவையெண்டால் அது உம்மட பாடு. ஆனால் எனக்கு வாற பில்லில அது ஏறக்கூடாது” என்று சொன்னபோது எவரும் கோபித்ததில்லை. உண்மையில் அவர் நல்ல பொருளைத் தெரிந்தெடுக்க நேரம் செலவிடுகிறார். அந்த நேரத்துக்கு நாங்கள் வெளிப்படையாகப் பணம் கொடுக்காததால்தான் அது மறைவான வழியில் வருகிறது. அலைச்சலுக்கான நிலையான தொகை என்று மேலே நான் சொன்னது இதற்காகவும்தான்.

கேட்டும் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தர மறுத்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

பொருளுக்கு முற்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

கூடியவரை பொருளுக்கான பணத்தைக் கடைக்கே கொடுங்கள். வேலை செய்பவரின் கையில் கொடுக்கும் பெரிய முற்பணம், பெரும்பாலும் அவருடைய முந்தைய வேலையின் கடனை அடைக்கப் போய்விடுகிறது. இது நேர்மையின்மையால் நிகழ்வதில்லை. முந்தைய வீட்டுக்காரர் ஒருவர் அவருக்குத் தர வேண்டியதைத் தராததால் கடைக்காரரின் கடன் கொப்பியில் அவருடைய பெயர் நிற்கிறது. உங்கள் பணம் அங்கே போனால் உங்கள் வேலைக்குப் பொருள் வாங்க இன்னொருவரின் முற்பணத்தை அவர் எதிர்பார்க்க வேண்டியிருக்கும்.

கூலியைச் சனிக்கிழமைதோறும் தவறாமல் கொடுத்துவிட வேண்டும். கூலியைத் தாமதிக்கும் வீட்டுக்காரருக்குப் பொருட்கணக்கில் நேர்மையைக் கேட்கும் உரிமை குறைந்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். கூரை வேலையில் மட்டும், கூலியில் பத்தில் ஒரு பங்கை முதலாவது பெருமழை பெய்து ஒழுக்கில்லை என்று காணும்வரை வைத்திருப்பேன். அதையும் முன்கூட்டியே சொல்லி, எழுதி, மழை பெய்த மறுநாளே கொடுத்துவிடுவேன்.

திருத்தத் தொடங்கிய பின் மறைந்திருந்த பழுது வெளிப்பட்டால் என்ன செய்வது?

பழைய வீட்டில் இது ஏறக்குறைய நிச்சயம். நாலு ஓடு மாற்றத்தானே என்று ஏறினால், ஓட்டுக்குக் கீழே அதைத் தாங்கும் சலாகை கறையான் அரித்துப் பொடியாகக் கிடக்கும். சலாகையைக் கழற்றினால் கூரையைத் தாங்கும் வளை மரத்தின் நுனி உக்கியிருக்கும். பூச்சைக் கொத்தினால் உள்ளே கல்லுக்கிடையில் இருந்த சுண்ணாம்புச் சாந்து மணலாகக் கொட்டும். குழாயைத் தோண்டினால் இன்னொரு பொருத்தில் ஒழுக்கு இருக்கும். வேலையெடுப்பவர் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று கோபப்படுவதில் பயனில்லை. அவருக்கும் அது தெரியாது.

செய்யக்கூடியது, அலகு விலையை முன்னரே பேசி வைப்பது. பனஞ்சலாகை ஓர் அடிக்கு இவ்வளவு, ஓடு ஒன்றுக்கு இவ்வளவு, பூச்சு மேலதிகமாக ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று பொருளும் கூலியும் வேலை தொடங்குமுன்னரே முடிவாகியிருந்தால், கூரையைத் திறந்த பின் எண்ணிக்கை மட்டுமே புதிது. திறந்த கூரையின் கீழ் நின்று விலை பேசுபவரின் பக்கம் பலமில்லை, அதிலும் ஐப்பசி வானம் கறுத்திருக்கும்போது சொல்லவே வேண்டாம். ஆகவே கூரை வேலையை ஆவணிக்குள், பிந்தினால் புரட்டாதித் தொடக்கத்துக்குள் முடிக்கும்படி ஒழுங்குசெய்யுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் ஆள் கிடைப்பது அரிது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு விதி: மேலதிகச் செலவு குறிப்பிட்ட ஒரு தொகையைத் தாண்டுமானால், படம் எடுத்து அனுப்பி, பதில் வந்த பின்னரே பொருள் வாங்க வேண்டும். அந்தத் தொகை சிறிய வேலைக்கு ஐயாயிரம் ரூபாவாக இருக்கலாம். அதற்குக் கீழ்ப்பட்டதற்கும் அனுமதி கேட்கச் சொன்னால் ஓர் அரைப் பை சீமெந்துக்காக வேலை நின்றுவிடும்.

மிஞ்சிய பொருளும் கழற்றிய பழைய பொருளும் யாருக்கு?

வீட்டுக்காரர் பணத்தில் வாங்கியது வீட்டுக்காரருடையது. மொத்தக் கொந்தராத்தில் வேலையெடுப்பவர் வாங்கியது அவருடையது. இதில் குழப்பம் குறைவு. குழப்பம் பழைய பொருளில்தான். பழைய ஓடு, வைரம் பாய்ந்த பனை வளை, முதிரைக் கதவுநிலை, செப்பு வயர், பித்தளைக் குழாய்வாய் ஆகியவற்றுக்கெல்லாம் நல்ல விலை உண்டு. குப்பையென்று ஏற்றிச் செல்லப்பட்டவற்றில் பேரனார் காலத்து முதிரைப் பலகை இருந்ததைப் பின்னர் அறிந்து வருந்தியவர்கள் எங்கள் உறவிலேயே உண்டு. எதை வீட்டிலேயே அடுக்கி வைக்க வேண்டும், எதை அவர் கொண்டுபோகலாம் என்று எழுதுங்கள். வெறும் சீமெந்துப் பைகளை எறியாமல் கட்டி வைக்கச் சொல்லுங்கள், அவற்றை எண்ணுவதே பொருட்கணக்கைச் சரிபார்க்க மிக எளிய வழி. மிஞ்சிய ஓட்டில் இருபது முப்பதையும், ரைல்ஸில் ஒரு பெட்டியையும் வீட்டிலேயே விட்டுவையுங்கள். அடுத்த தடவை அதே நிறம் கிடைக்காது.

குடியிருப்பவரே திருத்திவிட்டு வாடகையில் கழிக்கலாமா?

கழிக்கலாம், முன்கூட்டி உடன்பட்டிருந்தால். தண்ணீர் மோட்டர் நின்றுபோனதுபோன்ற அவசரங்களுக்கு, குறிப்பிட்ட ஒரு தொகை வரை கேளாமலே செய்து பற்றுச்சீட்டோடு கழித்துக்கொள்ளலாம் என்று வாடகை உடன்படிக்கையிலேயே எழுதி வைப்பது இருவருக்கும் நிம்மதி. அதற்கு மேற்பட்ட வேலை என்றால் பொருள் பட்டியலை வீட்டுக்காரர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். குடியிருப்பவர் தம் விருப்பத்துக்கு உயர்ந்த வகை ரைல்ஸைத் தெரிவுசெய்தால், சாதாரண வகைக்கான தொகையை வீட்டுக்காரரும் மிகுதியை அவரும் கொடுப்பது நியாயம். மாணவர்கள் இருக்கும் வீட்டில் பற்றுச்சீட்டைத் தொலைத்துவிட்டு வருவது வழக்கம் என்பதால், பொருள் வாங்கிய உடனேயே படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் எப்படி முடிப்பது?

உங்கள் சார்பில் நிற்பவர் சகோதரரானாலும் மாமியானாலும், எவ்வளவு தொகை வரை அவர் தாமாக முடிவெடுக்கலாம் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வேலை செய்பவர் ஒருவரிடமும், உறவினர் இன்னொருவரிடமும், நீங்கள் மூன்றாவது ஒருவரிடமும் விலை கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரமான அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தாலும் திருத்தச் செலவின் எல்லையை வேறாக எழுதிக் கொடுப்பது உறவைக் காக்கும். கடைக்கு நேரடியாக வங்கி மூலம் பணம் அனுப்பலாம். பொருள் இறங்கும்போது பைகளையும் ஓடுகளையும் எண்ணக்கூடிய விதத்தில் படம் எடுத்து வட்ஸ்அப்பிலோ வைபரிலோ அனுப்பச் சொல்லுங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணு வடிவிலான பதிவுகளுக்கும் ஏற்பளிப்பதால், அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். குரற்பதிவாக அனுப்புவதைவிட எழுத்தில் அனுப்புவது நல்லது. ஆறு மாதத்துக்குப் பின் ஒரு விலையைத் தேடும்போது அதன் அருமை தெரியும்.

ஒப்புக்கொண்டதை எப்படி எழுதுவது?

முத்திரையும் சட்டத்தரணியும் வேண்டியதில்லை. ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்திருந்தால் சிறிய வேலைகளுக்குப் போதுமானது. கோண்டாவில் வீட்டுக்கு நாங்கள் எழுதியதைச் சற்றுச் சுருக்கித் தருகிறேன்:

“முன் அறை, விறாந்தை ஆகியவற்றின் உட்சுவர், அளந்தபடி 700 சதுர அடி. பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, ஐந்துக்கு ஒன்று கலவையில் அரை அங்குலத் தடிப்பில் பூசி முடிப்பது. கூலி சதுர அடிக் கணக்கு, கீழே குறித்தபடி. கொத்திய கழிவை அகற்றுவதும் அதில் அடங்கும். சீமெந்து 8 பை, மணல் அரைக் கியூப், இரண்டையும் வீட்டுக்காரர் வாங்கி இறக்கித் தருவார். இதற்கு மேல் 2 பை வரை கேளாமலே வாங்கலாம். அதற்கும் மேல் தேவையானால் சுவரைக் காட்டிச் சொல்ல வேண்டும். வெறும் பைகளைக் கட்டி வைக்க வேண்டும். மிஞ்சும் பொருள் வீட்டுக்காரருக்கு. கலவை தரையில் வீணாகிப்போனால் அந்தச் சீமெந்து வேலை செய்பவர் கணக்கில். கூலி சனிக்கிழமைகளில்.”

முடிவில் 9 பை பிடித்தது. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.

எழுதச் சொன்னால் “என்னில நம்பிக்கை இல்லையோ” என்று மனம் நோகிறார்களே?

நோவது இயல்பு. தலைமுறை தலைமுறையாகச் சொல்லிலேயே வேலை நடந்த ஊர் இது. நான் பேச்சைத் தொடங்கும்போது அவருடைய பாதுகாப்பைத்தான் முதலில் சொல்வேன்: வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், நாளைக்குப் பணம் தர மறுத்தால் இந்தத் தாள் உங்களிடம் இருக்கும் என்பேன். அது வெறும் தந்திரப் பேச்சும் இல்லை. ஏமாற்றப்பட்ட வீட்டுக்காரர்களின் கதைகளே அதிகம் பேசப்படுகின்றன. ஆனால் பொருளைத் தம் கடனில் வாங்கிப் போட்டு வேலையை முடித்த பின், “நான் இவ்வளவு ஆகுமெண்டு நினைக்கேல்லை” என்ற ஒற்றை வசனத்தோடு அரைவாசிப் பணம் பெற்றுத் திரும்பிய மேசன்மாரையும் தச்சர்களான ஓடாவிமாரையும் எனக்குத் தெரியும். எழுத்து வாசிக்கக் கடினப்படும் ஒருவர் என்றால், எழுதியதை அவருடைய மகனோ மகளோ வாசித்துக் காட்டும்வரை ஒப்பம் கேட்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பிணக்கு வந்தால் எங்கே போவது?

முதலில் இருவரும் நம்பும் மூத்த மேசன் ஒருவரை அழைத்துச் சுவரையோ கூரையையோ காட்டி, எவ்வளவு பொருள் பிடித்திருக்கும் என்று கேளுங்கள். அவருக்கு ஒரு நாட்கூலியை இருவரும் பாதிப்பாதியாகக் கொடுத்துவிடலாம். நான் கண்ட பிணக்குகளில் பல இந்தக் கட்டத்திலேயே தீர்ந்திருக்கின்றன.

தீராவிட்டால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிக்கலாம். குறிப்பிட்ட பெறுமதிக்கு உட்பட்ட பணப் பிணக்குகள் நீதிமன்றத்துக்குச் செல்வதற்கு முன் அங்கே சென்றே ஆக வேண்டும். இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழை அவர்கள் தருவார்கள், அதைக் கொண்டு வழக்குத் தொடரலாம். காலத்தை மட்டும் கடத்த வேண்டாம். காலவரையறை பற்றிய 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, செய்த வேலைக்கான கூலிக்கும் விற்று ஒப்படைத்த பொருளின் விலைக்கும் பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கிட வேண்டும். சபைக்குப் போகும்போது அளந்த தாள், கடைப் பற்றுச்சீட்டுகள், பொருள் இறங்கியபோது எடுத்த படங்கள், ஒப்பமிட்ட பட்டியல் ஆகியவற்றைத் திகதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.